எதுவுமே வளராத மூணு மாசம்

புதுசா லேபுக்கு வந்திருக்கிற பிள்ளைகளா, நான் பெரிய ஆராய்ச்சிக்காரி இல்லை. சேலத்துல காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கிற லேபுல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவ, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் ஊசி போட்டதில்லை, மாத்திரை எழுதினதில்லை. சளி வரும். அதுல கிருமி உசிரோட இருக்குதா இல்லையான்னு பார்த்துச் சொல்லோணும். உசிரோட இருந்தா வளரும், செத்திருந்தா வளராது. கேக்கச் சுலபமா இருக்குதில்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

இன்னொன்னும் முதல்லயே சொல்லிடறேன். நான் பகல்கனவு காணறவ. குமாரபாளையத்துல எங்க ஊட்டுல நாலு தறி ஓடும். அறுந்த இழையை முடிச்சுப் போட என்னை உக்கார வெச்சா, இழையைக் கையில புடிச்சபடியே எங்கயோ போயிருவேன். "நெனப்புதான் பொழப்பக் கெடுக்கும்"னு எங்கம்மா தலையில ஒரு கொட்டு வெப்பாங்க. அந்தக் கொட்டு பத்தலைன்னு இப்பத் தெரியுது.

எங்க லேபுல சூட்டு ரூம்னு ஒண்ணு இருந்துச்சு. மார்கழின்னாலும் சித்திரைன்னாலும் உள்ள மனுச ஒடம்புச் சூடுதான். தட்டுத் தட்டாப் பச்சைப் பாட்டிலுங்க சாய்ஞ்சு படுத்திருக்கும். முட்டையை அடிச்சு, சத்து உப்பெல்லாம் சேர்த்து, பச்சைச் சாயம் கலந்து, சின்னப் பாட்டில்ல ஊத்தி, சாய்ச்சு வெச்சு வேக வெச்சா அடை மாதிரி இறுகிக்கும். அதுதான் கிருமிக்குச் சோறு. அது மேல சளியை விட்டு, எட்டு வாரம் காத்திருக்கோணும். மத்த கிருமியெல்லாம் ஒரு ராத்திரியில வளர்ந்துரும். இது அப்படி இல்லை, மாமியார் ஊட்டுக்கு வந்த புதுப்பொண்ணு மாதிரி யோசிச்சு யோசிச்சுத்தான் தலையைக் காட்டும். நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ ரவை உதிர்ந்த மாதிரி வெளிர் மஞ்சளா நாலு பொட்டு தெரியும்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த ரூமுக்குள்ள போனா, கண்ணு முழிச்சிருக்கும், மனசு தூங்கிரும். தட்டுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கும். யாருன்னா, இந்தக் கிருமியை முதன்முதலா மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில பார்த்த ஜெர்மன் டாக்டர். தாடியும் கண்ணாடியுமா, "இன்னைக்கு எத்தனாவது நாளு?"ன்னு கேப்பார். இன்னொருத்தர் கதவோரமா நிப்பார். கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுல பூஞ்சை விழுந்ததைப் பார்த்து மருந்து கண்டுபிடிச்சாரே, அவரு. அவரு எப்பவும் ஒண்ணும் பேச மாட்டார், பாட்டிலையே பார்த்துக்கிட்டு இருப்பார். பேரெல்லாம் நான் சொல்லலை, பரிட்சைக்குப் படிச்சிருப்பீங்க. அவங்க எல்லாம் எனக்கு ஒறவுக்காரங்க மாதிரி. முட்டையில இந்தக் கிருமியை வளர்க்கலாம்னு யோசிச்ச மகராசன் எவரோ, அவருக்கு நாமக்கல்லைக் காட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசை. "பாருங்க சாமி, நீங்க ஒரு முட்டைக்கு என்ன பாடு பட்டீங்களோ, இங்க ரோட்டுல லாரி லாரியாப் போகுது"ன்னு சொல்லோணும். இப்படியெல்லாம் நெனைச்சுக்கிட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். சிரிக்காதீங்க, நீங்களும் செல்போனைப் பார்த்துக்கிட்டுத்தான வாங்கறீங்க?

நான் ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறப்ப நடந்தது இது. அப்பவே மிஷின் வந்தாச்சு. மிஷினுக்குள்ள ட்யூபைச் சொருகினா எட்டு வாரத்துக்குப் பாதி நாள்லயே பதில் வந்துரும். அந்த வருஷம் பங்குனியில ட்யூப் வரத்து நின்னு போச்சு. மேலிடத்துல கேட்டா "வரும் வரும்"னாங்க. எங்க பெரிய டாக்டர், லேபுக்கு அவருதான் தலைவர், என்னைக் கூப்பிட்டு, "பழைய முட்டைப் பாட்டிலுக்கே போயிரலாம். உன்னை விட்டா அதைச் செய்யறதுக்கு ஆள் இல்லை"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. அந்தப் பச்சைப் பாட்டிலுங்க எல்லாம் திரும்பி வருதே!

முன்னெல்லாம் ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா கூடையில நாட்டுக்கோழி முட்டை கொண்டாருவாங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, மேல எல்லாம் எச்சம், மண்ணு. கழுவிக் கழுவி விரலே வெளுத்துப் போகும். எனக்கு அது புடிக்காது. என் தம்பி புதுச்சத்திரத்துக்கிட்ட கோழிப்பண்ணை வெச்சிருந்தான். அவனுக்கு ஒரு போன் போட்டேன். "அக்கா, லேபுக்குன்னா குடுத்து வெச்சிருக்கோணுமே"ன்னு வாரா வாரம் அட்டை அட்டையா அனுப்பினான். அன்னன்னைக்கு இட்ட முட்டை, ஒரே அளவு, வெள்ளை வெளேர்னு. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சொல்லுவாங்களே, அப்படி இருந்துச்சு எனக்கு. அந்த முட்டையில செஞ்ச பாட்டிலைப் பெரிய டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும்மா"ன்னார். ஒரு வாரம் தரையில நடக்கலை நான்.

இப்ப என் தப்பைச் சொல்றேன், காதைக் குடுத்துக் கேளுங்க. ஒவ்வொரு தடவை பாட்டில் செய்யறப்பவும், அதுல ரெண்டு மூணு பாட்டில்ல, உசிரோட இருக்கிறது நல்லாத் தெரிஞ்ச கிருமியைப் போட்டுப் பக்கத்துல வெக்கோணும். கன்ட்ரோல்னு உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாங்க. அது வளர்ந்தாத்தான் சோறு நல்ல சோறுன்னு அர்த்தம். நானும் வெச்சேன். நாலு வாரமாச்சு, வளரலை. ஆறு வாரமாச்சு, வளரலை.

நான் என்ன நெனைச்சேன் தெரியுங்களா? 'ஃப்ரிட்ஜுல வெச்சிருந்த கிருமி பழசு. நடுவுல கரண்ட் போயி உருகியிருக்கும், செத்திருக்கும்'னு நெனைச்சேன். புதுசு அனுப்பச் சொல்லி மேல் லேபுக்கு எழுதிப் போட்டுட்டு, நோயாளிங்க பாட்டிலைப் பார்க்கப் போயிட்டேன். அதுலயும் வளரலை. சில பேரு சளியில சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புக் கண்ணாடி வழியாப் பார்த்தா சிவப்பாக் கிருமி தெரியுது, பாட்டில்ல வளர மாட்டேங்குது. அதுக்கும் என்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. செத்த கிருமியும் கண்ணாடியில சிவப்பாத்தான் தெரியும், மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிக்கிட்டேன். ரெண்டு பதிலுமே புஸ்தகத்துல இருக்கிற பதில்தான். படிச்சவளுக்கு இதுதான் கேடு, எதுக்கும் கையில ஒரு பதில் வெச்சிருப்பா.

அந்த மூணு மாசமும் சூட்டு ரூம் அவ்வளவு அழகா இருந்துச்சு. தட்டு பூராப் பச்சை. நாத்து விட்ட வயலு மாதிரி, ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. ஜில்லாவுல நோயே ஒழிஞ்சு போச்சுன்னு தோணும். நானே இனிப்பு வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தேன்.

அந்த சமயத்துலதான் முருகேசன் போன் பண்ண ஆரம்பிச்சார். நோயாளி லேபுக்குப் போன் பண்ணக்கூடாது, டாக்டர்கிட்டத்தான் கேக்கோணும். ஆனா எப்படியோ நெம்பரை வாங்கிட்டார். ராசிபுரத்துக்காரர், விசைத்தறி ஓட்டறவர். சாதா மருந்துக்கு மசியாத காசநோய். சம்சாரம் சுமதி அப்ப நிறைமாசம். அவளை அவங்கம்மா ஊட்டுல விட்டுட்டு, இவர் சூரமங்கலத்துல ஒரு சின்ன ரூம் எடுத்துத் தனியா இருந்து மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஊர்ல யாருக்கும் சொல்லலை. 'ரிக் வண்டியில வடக்க போர்வெல் போடப் போயிருக்கான்'னு சொல்லி வெச்சிருந்தாங்க. நம்ம பக்கம் அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, பாதிப்பேரு அப்படித்தான மாசக்கணக்கா வடக்க கிடக்கறாங்க.

"ஏனுங்க மேடம், என்ற பாட்டிலு எப்பிடி இருக்குதுங்க?" இதுதான் அவர் கேள்வி. பள்ளிக்கூடத்துல விட்ட புள்ளையை விசாரிக்கிற மாதிரி கேப்பார்.

"வெச்சு மூணு வாரம்தான் ஆச்சு. பொறுங்க."

"பொறுக்கறனுங்க. இங்க ஒண்ணு வளரக்கூடாது, அங்க ஒண்ணு வளரோணும். ரெண்டையும் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கறனுங்க."

போனை வெச்சுட்டு அந்தப் பேச்சையே நெனைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அந்த மனுசனோட மூஞ்சியை நான் பார்த்ததில்லை. ஆனா அவர் பாட்டில் எந்தத் தட்டுல எத்தனாவதா இருக்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

ஒரு மாசம் இடைவெளி விட்டுக் குடுத்த ரெண்டு சளி. ரெண்டுமே எட்டு வாரம் முடிஞ்சும் வளரலை. ரெண்டு தடவை வளரலைன்னாத்தான் ஊட்டுக்குப் போகலாம்னு அவரோட டாக்டர் சொல்லியிருந்தார். நடுவுல பொம்பளைப் புள்ளை பொறந்து, ஒரு மாசமும் ஆகிப் போச்சு. இவர் போட்டோவுல பார்த்ததோட சரி. ரிப்போர்ட் டாக்டருக்குப் போறதுக்கு முந்தியே நான் வாயை அடக்க முடியாம போன்ல சொல்லிட்டேன். "முருகேசா, ரெண்டும் சுத்தம். போயிப் பாப்பாவைத் தூக்குங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். "மேடம், வர்ற ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குத் தொட்டில் போடறமுங்க. பெரிய மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால பந்தல் தெரியும். நானும் அன்னைக்குக் காலையிலதான் போய்ச் சேருவேன். என்ற மடியில வெச்சுத்தான் பேர் வெக்கோணும்னு சுமதி புடிவாதமா இருக்கறா. நீங்க கண்டிப்பா வரோணும்"னார். அன்னைக்குச் சாயங்காலம் நான் எப்படி ஊட்டுக்கு வந்தேன்னே தெரியாது. மெதந்துக்கிட்டே வந்தேன்.

அந்த ஞாயித்துக்கெழமை காலையில தம்பி பண்ணைக்குப் போனேன். முட்டை வண்டி ரெண்டு நாளா வரலை, அதான் நானே ஒரு எட்டுப் பார்த்துட்டு, அப்படியே ராசிபுரம் போயிரலாம்னு. போய் எறங்கறேன், தம்பி கோழிக் கொட்டாய்க்கு மேல இருக்கிற தண்ணித் தொட்டியில ஒரு பாட்டிலைக் கவுத்து ஊத்திக்கிட்டு இருக்கான்.

"என்னடா அது?"

"கோழிக்குச் சளிக்கா. இந்த வெயில்ல ஒரு கொட்டாய் விட்டா அடுத்த கொட்டாய்னு வந்துக்கிட்டே இருக்குது. அதுக்கு மருந்து."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மருந்து பேரைப் படிச்சேன். மறுக்காவும் படிச்சேன். முருகேசனுக்குக் குடுக்கிற மாத்திரைக்கு அது பங்காளி. ஒரே குடும்பத்து மருந்து. காசநோய்க் கிருமியையும் தலைதூக்க விடாது.

"மருந்து குடுத்தா முட்டையில எறங்குமேடா? விக்கக் கூடாதே?"

தம்பிக்கு ரோசம் வந்துருச்சு. "அக்கா, நான் என்ன அப்படிப்பட்டவனா? மருந்து குடுத்தா இத்தனை நாளைக்கு முட்டையை விக்கக் கூடாதுன்னு கோழி டாக்டர் சொல்லியிருக்கறாரு. ஒரு முட்டை கடைக்குப் போகாது. அதை வீணாக்க மனசு வராமத்தான் தனியா எடுத்து வெச்சு உங்க லேபுக்கு அனுப்பினேன். நீங்கதான் திங்கறதில்லையே!"

அப்படியே அந்தத் தொட்டிப் படியில உக்காந்துட்டேன். கொட்டாய்க்குள்ள ஆயிரக்கணக்குல கோழிங்க கொக்கரிச்சுக்கிட்டு இருக்குது, எனக்கு எங்கயோ தூரத்துல கேக்கற மாதிரி இருக்குது. சித்திரையில இருந்து நான் வாங்கின அட்டை எல்லாம் கண்ணு முன்னால வரிசையா வந்துச்சு. பாவம், அவன் மேல ஒரு தப்பும் இல்லை. எதுக்கு முட்டைன்னு நான் சொல்லவே இல்லையே! 'லேபுக்கு'ன்னு பெருமையாச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பத்தான் கதவோரம் பேசாம நிப்பாரே, அவரு ஞாபகம் வந்துச்சு. அவரு பார்த்தது என்ன? ஒரு தட்டுல பூஞ்சையைச் சுத்திக் கிருமி வளராம ஒரு எடம் வெறுமையாக் கிடந்துச்சு. 'இங்க ஏன் வளரலை?'ன்னு அவரு கேட்டார். அந்த ஒரு கேள்வியில உலகத்துக்கே மருந்து கிடைச்சுது. எனக்கு ரூம் பூரா வெறுமையாக் கிடந்துச்சு. நான் இனிப்பு குடுத்தேன். அவரு காட்டின வழியில வந்த ஒரு மருந்துதான் கோழித் தண்ணியில போயி, முட்டையில எறங்கி, என் பாட்டில்ல வந்து உக்காந்துச்சு. நான் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கேக்கலை. வெக்கமா இருந்துச்சு, அதைவிடப் பயமா இருந்துச்சு.

மணி பார்த்தேன், ஒன்பதே கால். முருகேசனுக்குப் போன் போட்டேன். வேற யாரோ எடுத்தாங்க, மைக்செட் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. "மாப்பிள்ளை குளிக்கறாருங்க, என்ன விசயம் சொல்லுங்க"ன்னாங்க. என்ன சொல்றது? வெச்சுட்டேன். பெரிய டாக்டருக்குப் போட்டேன். விசயத்தைச் சொன்னேன்.

"உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார். ஆனா உறுதியாத் தெரியும்னு இதுவரைக்கும் நான் சொன்னதுதான் பொய்யி."

"சரி. கடுதாசி நாளைக்கு எழுதிக்கலாம், நானே கையெழுத்துப் போடறேன். மூணு மாசம் குடுத்த ரிப்போர்ட் பூரா வாபஸ். மத்தவங்களுக்கு நான் இங்கிருந்து போன் போடறேன். நீ இப்ப அந்தப் பந்தலுக்குப் போ."

ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். உங்களுக்கு மேல இருக்கிறவங்க இப்படி இருந்தா, அவங்களை விட்டுராதீங்க.

பஸ்ஸுக்கு நிக்க நேரமில்லை. தம்பி முட்டை வண்டியிலயே ஏறினேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, தூரத்துல கொல்லிமலை நீலமாத் தெரிஞ்சுது. அவ்வளவு அமைதியான காலை. 'இதெல்லாம் கனவா இருக்கக் கூடாதா'ன்னு நெனைச்சேன். வாழ்க்கையில அந்த ஒரு தடவை எனக்குக் கனவு வரலை.

போய்ச் சேர்றப்ப பந்தல்ல ஒரு நாப்பது பேரு. தொட்டில் பூராப் பூ. மனையில ஒல்லியா ஒருத்தர், புது வேட்டி கட்டி, மடியில துண்டை விரிச்சு, ரெண்டு கையையும் ஏந்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். இதுதான் முருகேசன்னு கேக்காமயே தெரிஞ்சுது. உள்ளேயிருந்து சுமதி குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தா. பத்தடிதான் இருக்கும்.

ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஊரே தெரிஞ்சுக்கும். இத்தனை மாசம் அவங்க மூடி வெச்சது சந்தி சிரிச்சுரும். அந்தக் குழந்தையையும் நாளைக்கு ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. சொல்லாம விட்டா, இன்னும் நாலு எட்டுல குழந்தை அவர் மடியில இருக்கும், அவர் குனிஞ்சு முத்தம் குடுப்பார். யோசிக்க நேரமில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

"முருகேசா! ரிக் ஆபீஸ்ல இருந்து வாரேன்! வண்டி இப்பவே கிளம்புது, உடனே வரோணும்!"

எல்லாரும் திரும்பினாங்க. முருகேசன் என்னைப் பார்த்தார். மூஞ்சி தெரியாது அவருக்கு, ஆனா குரல் தெரியுமே! ஏந்தின கை ரெண்டும் மெதுவா மடங்கிருச்சு.

ஒரு பெரியவர் துண்டை உதறிக்கிட்டு எழுந்தார். "ஏம்மா, உனக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையா? பெத்த புள்ளையை முதமுதலா மடியில வாங்கற நேரத்துல எமன் மாதிரி வந்து நிக்கறயே!"

"ரிக்காரங்களுக்கு ஏதுங்க ஈவு இரக்கம்?" இது ஒரு அம்மா. "மண்ணைத் தோண்டித் தோண்டி மனசும் கல்லாப் போச்சு."

"அதென்ன, ரிக் ஆபீஸுன்னா முட்டை வண்டியில வருவாங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். தம்பி வண்டிக்குள்ள இருந்தே, "பஸ்ஸு கிடைக்கலைன்னு நின்னாங்க, நான்தான் ஏத்திக்கிட்டு வந்தனுங்க"ன்னு ஒரு போடு போட்டான். அவங்க திட்டினதெல்லாம் எனக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு, தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

சுமதி நின்ன எடத்துலயே நின்னா. என்னைப் பார்த்தா, புருசனைப் பார்த்தா. அவளுக்கு விளங்கிருச்சு. குழந்தை மூஞ்சியைத் தன் தோளுப் பக்கம் திருப்பிக்கிட்டு, ரெண்டு எட்டு பின்னால போனா. கண்ணுல தண்ணி முட்டுது, குரல் மட்டும் அசையலை. "போயிட்டு வாங்க. பாப்பா எங்கயும் போயிராது."

ஊருக்கு வெளிய, காத்தோட்டமான ஒரு புளியமரத்தடியில வண்டியை நிறுத்தச் சொன்னேன். தம்பி டீக்கடைக்குப் போயிட்டான். முருகேசன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஒளிக்கலை. முட்டை, மருந்து, பாட்டில், எல்லாம்.

"அப்ப என்ற பாட்டில்ல கிருமி இருந்துச்சுங்களா?"

"தெரியாது. இருந்திருக்கலாம், இல்லாமயும் இருந்திருக்கலாம். அந்தச் சோத்துல எதைப் போட்டாலும் வளராது."

"சோறு கெட்டதுன்னு கண்டுபுடிக்க வழியே இல்லீங்களா மேடம்?"

"இருக்குது. பக்கத்துல ஒரு பாட்டில்ல நல்ல கிருமியைப் போட்டு வெப்போம். அது வளர்ந்தாச் சோறு நல்ல சோறு."

"அது வளர்ந்துச்சுங்களா?"

"இல்லை."

"அது வளரலைன்னு எனக்குப் போன் பண்ணறப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

முப்பத்தோரு வருஷத்துல எத்தனையோ அதிகாரிங்க என்னைக் கேள்வி கேட்டிருக்காங்க. இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

"தெரியும்"னேன்.

அவர் கோபப்பட்டுக் கத்துவார்னு நெனைச்சேன். கத்தலை. துண்டை மூஞ்சியில வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். பொறகு அவரா எழுந்து, "சூரமங்கலத்துக்கே கொண்டுபோய் விட்டுருங்க மேடம்"னார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே வந்தார்.

அடுத்த நாள் ஓமலூர் அம்மாவைத் தேடிப் புடிச்சேன். அந்த மண்ணு ஒட்டின நாட்டு முட்டையை நானே உக்காந்து கழுவினேன். மேல் லேபுல இருந்து புதுக் கிருமியும் வந்துருச்சு. எல்லாரோட சளியையும் மறுக்கா வாங்கி மறுக்கா வெச்சோம். உங்ககிட்ட மறைக்க மாட்டேன், மூணு பேரோடது வளர்ந்துச்சு. அதுல ஒருத்தர், என் ரிப்போர்ட்டை நம்பி மகள் ஊட்டுல போயித் தங்கியிருந்தார். அந்த மகளுக்கும் ஒட்டிக்கிச்சு. இப்ப அவ குணமாயிட்டா. ஆனா அவ சாப்பிட்ட ஒவ்வொரு மாத்திரையும் என்னால சாப்பிட்டதுதான். இதுக்குச் சமாதானம் எதுவும் என்கிட்ட இல்லை. நீங்களும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

எட்டு வாரம். தினமும் சூட்டு ரூமுக்குப் போவேன். அந்த ஜெர்மன் டாக்டரும் வரலை, கதவோரத்துக்காரரும் வரலை. பாட்டிலு, நானு, அவ்வளவுதான். முருகேசன் போனும் பண்ணலை. நானாப் பண்ண எனக்குத் துணிச்சல் இல்லை. நாலாவது வாரம் பக்கத்துப் பாட்டில்ல, அதான் கன்ட்ரோல்ல, நாலு பொட்டு தெரிஞ்சுது. எனக்குப் பொறந்த புள்ளையைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. அஞ்சாவது வாரம் பாட்டில் பூரா ரவை. முருகேசனோடது பச்சையா அப்படியே இருந்துச்சு. ஆறு, ஏழு. ஒவ்வொரு நாளும் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு தூசி தெரிஞ்சாக்கூடப் பாட்டிலைத் துடைச்சுட்டு மறுக்கா பார்ப்பேன்.

எட்டாவது வாரம் முடிஞ்ச அன்னைக்குப் பெரிய டாக்டரும் பார்த்தார், முருகேசனோட டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, இத்தனை மாசம் மருந்து சாப்பிட்டாச்சு, இந்த ஒரு தடவையே போதும்னுட்டார். பொறகு, "நீயே சொல்லு"ன்னு பெரிய டாக்டர் உத்தரவு. போன் போட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டார்.

"முருகேசா, நான் லேபுல இருந்து பேசறேன். உங்க பாட்டில்ல ஒண்ணுமே வளரலை."

'அப்பாடா'ன்னு ஒரு சத்தம் வரும்னு காத்திருந்தேன். வரலை. நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சுக் கேட்டார்.

"மேடம், பக்கத்துப் பாட்டில்ல வளர்ந்துச்சுங்களா?"

போனைக் கையில புடிச்சுக்கிட்டே சூட்டு ரூமுக்குள்ள போயி, அந்தப் பாட்டிலை எடுத்து ஒருக்கா என் கண்ணால பார்த்துட்டுத்தான் பதில் சொன்னேன்.

"வளர்ந்துச்சு சாமி. பாட்டில் பூரா வளர்ந்திருக்குது. போயிப் பாப்பாவைத் தூக்கு."